சாவியை வாங்கும் முன் காப்பீட்டுத் தாளை வாங்கிப் பாருங்கள்

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, கையில் இந்திய உரிமம் இருக்கிறது, உடன் தங்கியிருக்கும் நண்பர் "என் காருக்கு முழுக் காப்பீடு இருக்கிறது, சனிக்கிழமை பர்மிங்காமுக்கு நீயே ஓட்டிக்கொண்டு போ" என்று சாவியை நீட்டுகிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தப்புக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலும் வேண்டும் என்றீர்கள்.

2008 முதல் இந்த நாட்டில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பவுண்ட் கணக்கை முதலில் பார்க்காதீர்கள். கட்டிய பணத்தை இரண்டு மூன்று மாதத்தில் ஈடுகட்டிவிடலாம். ஆனால் ஓட்டுநர் செய்யும் தப்புக்காக அபராதத்தோடு உரிமத்தில் ஏறும் தண்டப்புள்ளி பெரும்பாலும் நான்கு வருடம் அங்கேயே இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் ஐந்து வருடம் வரை அதைக் கேட்டுக் கட்டணத்தை ஏற்றும். மூன்று வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை. உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பன்னிரண்டும் கிடையாது, ஆறுதான். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உரிமம். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் உங்கள் இந்திய உரிமத்தை வைத்து ஓட்டலாம். இலங்கை உரிமத்துக்கும் இதே விதிதான். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள், தொடங்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்திருந்தாலும் ஒரு நாள்கூட நீளாது. நம் உரிமத்தைக் கொடுத்து பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. புரொவிஷனல் உரிமம், அதாவது ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கான உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். பதின்மூன்றாம் மாதம் முதல் நாள் பழைய உரிமத்தோடு வண்டியை எடுத்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகிவிடும். காப்பீடும் செல்லாது என்று ஆகிவிடும். வழியிலேயே போலீஸ் காரை எடுத்துக்கொண்டு போகலாம்.

பன்னிரண்டு மாதம் நிறைய நாள் போலத் தெரியும். அப்படியில்லை. சாலைத் தேர்வுக்குப் பல மையங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எழுத்துத் தேர்வில் தேறாமல் அதற்குப் பதியவும் முடியாது. எனவே இந்த மாதமே புரொவிஷனலுக்கு விண்ணப்பியுங்கள். ஆன்லைனில் 34 பவுண்ட். எழுத்துத் தேர்வு 23 பவுண்ட். 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும், கூடவே ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்கிறீர்களா என்று பார்க்கும் வீடியோப் பகுதியில் 75க்கு 44. சாலைத் தேர்வு வார நாளில் 62 பவுண்ட். இருபது வருடம் ஓட்டியவர்களும் கண்ணாடி பார்க்காமல் தடம் மாறி இந்தத் தேர்வில் தவறுவதுண்டு. தயங்காமல் நான்கைந்து வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வில் தேறிய நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் புது ஓட்டுநர். ஊரில் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்பது கணக்கில் வராது. 1995ஆம் ஆண்டின் புது ஓட்டுநர் சட்டப்படி முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து. மறுபடி புரொவிஷனல், மறுபடி இரண்டு தேர்வு. புரொவிஷனல் காலத்தில் வாங்கிய புள்ளிகளும் இதில் சேரும்.

எனக்கு அது நடந்தது. 2009 இறுதியில் தேர்வில் தேறினேன். அடுத்த வசந்தத்தில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருந்த வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு மாறினேன். வங்கிக்குச் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், கார் யார் பொறுப்பில், எந்த முகவரியில் என்று காட்டும் பதிவுத் தாளான லாக் புக்கில் மட்டும் முகவரியை மாற்றவில்லை. ஒரு நாள் மாலை பழைய வீட்டு நண்பர் ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரத் தாள்களுக்கு நடுவில் ஜன்னல் திண்டில் கிடந்தவை. சமையலறையில் நின்றபடியே தேதி வரிசையில் பிரித்தேன். முதல் கடிதம், 30 மைல் சாலையில் 37 மைல் வேகத்தில் என் கார் போனது, ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும். இரண்டாவது, நினைவூட்டல். மூன்றாவது, பதில் தராத குற்றத்துக்காக நான் இல்லாமலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்து அபராதமும் 6 புள்ளியும் விதித்திருந்தது. நான்காவது கடிதத்தில் என் உரிமம் ரத்து என்றிருந்தது. தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாளாக உரிமம் இல்லாமல் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பின் இருக்கையில் என் மகளை உட்காரவைத்தும் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

வேகத்துக்கு அன்று 60 பவுண்டும் 3 புள்ளியும்தான் (இப்போது 100 பவுண்ட்). முதல் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அதோடு போயிருக்கும். வேகத்தைப் பற்றிய ஒரு வகுப்பில் உட்கார்ந்து புள்ளியே இல்லாமல்கூட வந்திருக்கலாம். காலை ஐந்து மணி ஷிப்ட், முதல் பஸ் ஆறு மணிக்கு. அந்த ஷிப்டை விட்டேன், திரும்ப உரிமம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. எனக்குத் தெரியாமலேயே வழக்கு நடந்தது என்று, தெரிந்த 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் வழக்கை மறுபடி திறக்க முடியும் என்பதை எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

ஆகவே வீடு மாறும் நாளே உரிமத்திலும் லாக் புக்கிலும் தனித்தனியாக முகவரியை மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறு பதிவு, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. மாற்றாமல் விடுவதற்கே 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. அப்புறம், வண்டி ஓட்டியவர் யார் என்ற கடிதம் வரும்போது "என் பெயரைப் போட்டுக்கொள், எனக்குப் புள்ளி இல்லை" என்று யாராவது அன்பாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நீதிக்குக் குறுக்கே நிற்கும் குற்றம். அதற்கு இங்கே சிறைக்கே அனுப்புகிறார்கள்.

வருகிற கடிதங்களெல்லாம் ஒன்றல்ல. உறையைப் பிரித்ததும் அனுப்பியது யார் என்று பாருங்கள். போலீஸிடமிருந்து வந்தால் புள்ளி சம்பந்தப்பட்டது, அன்றே கவனியுங்கள். வேகக் கேமராக் கடிதம் குற்றம் நடந்த 14 நாளுக்குள் காரின் பதிவில் உள்ள முகவரிக்கு வந்துசேர வேண்டும் என்பது விதி. நகராட்சியிடமிருந்து வந்தால், பஸ் தடத்தில் போனது, மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில் நின்றது, வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியது போன்றவை. பணம் மட்டும்தான், புள்ளி கிடையாது, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. மஞ்சள் கட்டத்தில் வெளியேற இடம் தெரியாமல் உள்ளே நுழையவே கூடாது. வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறவர் எதிரே வரும் வண்டிகளுக்காக மட்டும் உள்ளே நிற்கலாம். மூன்றாவது வகை, தனியார் நிறுத்துமிடக் கம்பெனிகள் அனுப்புவது. அது அரசு அபராதமே அல்ல, அதனால் குப்பையில் போடு என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். நியாயமில்லை என்றால் எதிர்த்து எழுதுங்கள், ஆனால் பேசாமல் இருந்தால் அவர்கள் உரிமையியல் நீதிமன்றம் போவார்கள். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் அது நிற்கும். வாடகை வீடு தேடும் புதியவருக்கு அது பெரிய அடி.

கைபேசியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஓட்டும்போது கையில் எடுத்தால் 200 பவுண்ட், 6 புள்ளி. 2017 மார்ச் முதல் இந்த நிலை. புது ஓட்டுநருக்கு இதன் பொருள், ஒரே ஒரு தடவை, உரிமம் போயிற்று. சிவப்பு விளக்கில் நிற்கிறேனே என்றால் அதுவும் ஓட்டுவதுதான். 2022 மார்ச் 25க்குப் பிறகு பேசுவது, செய்தி அனுப்புவது மட்டுமல்ல, படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது எல்லாமே இதில் வரும். வழி பார்க்க வேண்டுமானால் கிளம்பும் முன்பே தாங்கியில் பொருத்தி முகவரியைப் போட்டுவிடுங்கள். வேலையிடத்தில் என்னோடு இருந்த ஒரு பையன், தேறி ஐந்தாவது மாதம், விளக்கு மாறக் காத்திருந்த நேரத்தில் மடியில் வைத்து ஒரு செய்தியைப் பார்த்தான். பக்கத்துத் தடத்தில் நின்றது போலீஸ் வேன். அவனுடைய முகத்தை அடுத்த நாள் பார்த்தவன் நான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகையில் இருப்பது மைல். 30 என்றால் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். தெருவிளக்கு இருந்து வேறு பலகை இல்லாவிட்டால் 30 என்று கொள்ளுங்கள், வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் அது 20. வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் வேகக் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நாட்டின் பொது வரம்பு, காருக்கு ஒற்றைச் சாலையில் 60, நடுவில் பிரித்த சாலையில் 70. மோட்டார்வேயில் தடத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்தத் தடம் மூடியிருக்கிறது, போனால் 100 பவுண்டும் 3 புள்ளியும். குழந்தைக்கு 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை அதற்கான இருக்கை வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு ஸ்காட்லாந்தின் வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு. ஒரு சொட்டும் வேண்டாம் என்பதே என் கணக்கு. போலீஸ் நிறுத்தினால் இறங்கி ஓடாமல் உட்கார்ந்தபடியே பேசுங்கள். தாள்கள் கையில் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் நிலையத்தில் காட்டச் சொல்வார்கள். தப்பித் தவறியும் பணத்தாளை நீட்டிவிடாதீர்கள், அது தனிக் குற்றம்.

கார் வாங்கும்போது ஒன்று. பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி 2014 அக்டோபர் முதல் உங்களுக்கு வராது. சாவி வாங்கிய இடத்திலேயே கைபேசியில் வரியைக் கட்டிவிட்டு, காப்பீட்டையும் போட்டுவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையும் ஆண்டுதோறும் வேண்டும்.

இனி உங்கள் நண்பரின் கார். "முழுக் காப்பீடு" என்ற சொல் காருக்கு என்ன நேர்ந்தால் பணம் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. யார் ஓட்டலாம் என்பதைச் சொல்வதில்லை. காப்பீட்டுச் சான்றிதழை வாங்கி, ஓட்ட உரிமை உள்ளவர்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் பெயர் குறிப்பிட்டிருப்பார்கள். அவர் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்கு அந்தக் காரில் காப்பீடு இல்லை. சாலையோரக் கேமரா எண் பலகையைப் படித்து, காருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று நொடியில் சொல்லும். ஓட்டுவது யார் என்று பார்க்கப் போலீஸ் நிறுத்தினால் உங்களுக்கு 300 பவுண்டும் 6 புள்ளியும், கார் பறிமுதல். ஓட்டக் கொடுத்த குற்றத்துக்காக நண்பருக்கும் 6 புள்ளி ஏறலாம். அவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், அவர் நன்மைக்கும்தான். அவர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து உங்கள் பெயரைச் சேர்க்கலாம். வெளிநாட்டு உரிமம், வந்து மூன்று வாரம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் காப்பீடு தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. சமூக ஊடகத்தில் "பாதி விலையில் காப்பீடு" என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள், பலரும் போலித் தாளை விற்கிறார்கள்.

பின்னால் உங்களுக்கென்று காப்பீடு எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சொந்தக் காரியத்துக்கு மட்டும் என்று எடுத்த காப்பீடு வேலைக்குப் போய்வருவதற்குச் செல்லாது, அதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மாலையில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு அதுவும் போதாது, கூலிக்குப் பொருள் ஏற்றுவதற்கான தனிக் காப்பீடு வேண்டும். இதைத் தெரியாமல் ஓட்டுகிற பிள்ளைகள் நிறைய.

பர்மிங்காமில் ஒன்று கவனியுங்கள். நகர மையத்தைச் சுற்றும் மிடில்வே வளையச் சாலைக்கு உள்ளே 2021 ஜூன் முதல் தூய காற்று மண்டலம், புகை அதிகம் விடும் வண்டிகளிடம் பணம் வாங்கும் பகுதி. புகை அளவுக்கான தரத்தில் பெட்ரோல் காரானால் யூரோ 4, டீசலானால் யூரோ 6 தரம் வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு 8 பவுண்ட். வசூலிக்கச் சாவடி எதுவும் இருக்காது, நீங்களாகத்தான் ஆன்லைனில் கட்ட வேண்டும். போன நாளுக்குப் பிறகு ஆறு நாள் அவகாசம். லண்டனில் இதே போன்ற யூலெஸ் மண்டலத்திலும், லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்போர்ட் கிராசிங்கிலும் சாவடி கிடையாது, ஆனால் அங்கே அவகாசம் ஆறு நாளைவிடக் குறைவு. கட்டச் சொல்லி யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை. பர்மிங்காமுக்கு அரசுத் தளத்தில் காரின் எண்ணைப் போட்டால் பணம் உண்டா இல்லையா என்று காட்டிவிடும்.

இன்று இரவே நண்பரிடம் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உங்கள் பெயர் இல்லை, சனிக்கிழமைக்குள் சேர்க்கவும் முடியாது என்றால் ரயிலில் போய்விட்டு வாருங்கள். லெஸ்டரிலிருந்து நேராகவே ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான்.