கட்டுச்சோறு எத்தனை மணிக்குக் கிளறலாம்?

வாசகியர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், மன்னார்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: மகளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை வீடு வேதாரண்யம். விடியற்காலை ஐந்து மணிக்கே ஏழு வகைச் சாதம் கிளறி, வேனில் எடுத்துப் போவதாக ஏற்பாடு. வளைகாப்பு முடிந்து சாப்பிட ஒரு மணி ஆகிவிடும். மகளுக்கு ஒத்துக்கொள்ளுமா?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: கேட்டீர்களே, எனக்கு அவ்வளவு நிம்மதி. பப்பாளி ஆகுமா, கத்திரிக்காய் ஆகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். சோறு எவ்வளவு நேரமாக மூடிக் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பயப்படுவது அதற்குத்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கும். அதன் வித்து, உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஐந்து மணிக்குக் கிளறித் தூக்கில் அழுத்தி மூடினால், ஒரு மணிக்குள் எட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. சமைத்ததை வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வாந்தி பேதி வந்து பிள்ளைத்தாச்சி உடம்பில் நீர் வற்றினால் வலி எடுக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, வறுத்த பருப்பு, முழுத் தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் இங்கிருந்து கொண்டுபோங்கள். சோற்றைச் சம்பந்தி வீட்டில் பன்னிரண்டு மணிக்கு வடித்து, நீங்களே கிளறுங்கள். தாய் கை கிளறினால் அது தாய்வீட்டுச் சோறுதான். சம்பந்தியம்மாவிடம் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டால் சங்கடமும் இல்லை. முறைக்கு ஒரு தூக்கு கட்டித்தான் போக வேண்டும் என்றால் புளியோதரை கட்டுங்கள். புளிப்பு அதைக் கொஞ்சம் காக்கும். தேங்காய்ச் சாதம்தான் முதலில் நூல் விடும், அதை மட்டும் கட்டாதீர்கள். இதெல்லாம் தோதுப்படவில்லையா, மகளுக்கு மட்டுமாவது அங்கே ஒரு ஆழாக்கு அரிசி புதிதாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் மாதம். பால் ஊறும் என்று மாமியார் இப்போதிருந்தே அடிக்கடி சுறாப்புட்டு செய்து தருகிறார். சாப்பிடலாமா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம் கண்ணு. சுறா பெரிய மீன், பல வருஷம் வாழ்கிற மீன். சின்ன மீன்களைத் தின்று தின்று அதன் சதையில் பாதரசம் சேர்ந்துவிடுகிறது. அது உன் ரத்தம் வழியாகப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்காக மீனையே விட்டுவிடாதே. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி உன் ஊரிலேயே கிடைக்கும். வாரம் இரண்டு தடவை, நன்றாக வெந்த குழம்பாகச் சாப்பிடு. அத்தை ஆசையாகச் செய்கிறார். “மத்தி வாங்கி வையுங்கள் அத்தை” என்று கேட்டுப் பார், மறுக்க மாட்டார்.

கேள்வி: பப்பாளி?
- வாசகி, திருவையாறு

பதில்: நன்றாகப் பழுத்தது, அளவாகச் சாப்பிடலாம். காயும் செங்காயும் வேண்டாம், அதில் பால் இருக்கிறது.

கேள்வி: ஆறாம் மாதம். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுகிறேன். மழை பெய்தால் மண்ணைத் தின்னத் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை.
- வாசகி, பாபநாசம்

பதில்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. பல பேருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படித்தான் தோன்றும். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மண்ணைத் தொடாதே, அதில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம்.

அங்கே தருகிற இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு. அதைக் காபி, டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. நம் பக்கத்தில் காலைக் காபியை விடச் சொன்னால் யார் கேட்பார்கள், அதனால் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு போடு. கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதே. பச்சரிசி ஆசை நாலைந்து வாரத்தில் குறையாவிட்டால் மறுபடியும் போய்ச் சொல், ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றவும் வழி இருக்கிறது.