மட்டக்களப்பு ஆரையம்பதியில் தகரக் கூரை போட்ட 10க்கு 12 அடி அறை. லப்டொப் இருக்கிறது. ஒரு இலட்சம் ரூபாவுக்குள் குரலும் கூத்து மத்தளமும் பதிய ஸ்டூடியோ அமைக்கலாமா?

அமைக்கலாம். ஆனால் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலோடு தொடங்க வேண்டாம். பதிவில் நல்ல மைக்குக்கும் மலிவு மைக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விட, அடக்கிய அறைக்கும் வெறும் அறைக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரிது. அறையைச் சரிசெய்யத் தேவையான பொருள்கள் மட்டக்களப்புப் பக்கம் மலிவாகவே கிடைக்கின்றன. அங்கே காசு குறைவு, கைவேலைதான் கூட.

இறக்குமதிச் சாமான் டொலரோடு ஏறி இறங்குவதால் விலை சொல்லாமல் பங்கு சொல்கிறேன். காசைப் பத்தாகப் பிரியுங்கள். நான்கு பங்கு ஓடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), இரண்டு ஹெட்ஃபோனுக்கு, இரண்டு மைக்குகளுக்கு, ஒன்று ஸ்டாண்ட், கேபிளுக்கு, கடைசிப் பங்கு அறைக்கு. உங்களுக்கு இரண்டு மைக் உள்ளீடு கட்டாயம் வேண்டும் என்பதால் பெரிஞ்சர் யூஎம்சி202எச்டி போன்ற ஒன்றைப் பாருங்கள். ஒற்றை மைக் இன்டர்ஃபேஸ் வாங்கினால் கூத்துப் பதிய முடியாது, மூன்று மாதத்தில் விற்றுவிட்டு மற்றதைத் தேடுவீர்கள். மைக் இரண்டும் டைனமிக் கார்டியொயிட்டாக (தனிக் கரண்ட் வேண்டாத, முன்பக்கத்தையே கூடக் கேட்கும் வகை) இருக்கட்டும். ஷூர் எஸ்எம்58 கைக்கு எட்டாவிட்டால் பெரிஞ்சர் எக்ஸ்எம்8500 போதும். ஹெட்ஃபோன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்க வேண்டும், ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ் போல. திறந்த வகை வாங்கினால் ஹெட்ஃபோன் சத்தம் மைக்குக்குள் போகும்.

ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். 10 அடி நீளத்தில் சுமார் 57 ஹேர்ட்ஸிலும் 12 அடியில் சுமார் 48 ஹேர்ட்ஸிலும் அடிநாதம் சுவருக்குச் சுவர் மோதி ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். அதைக் கேட்டு மிக்ஸ் செய்தால் மத்தளத்தின் கனம் எப்போதும் பிழைத்தே போகும். ஹெட்ஃபோனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டைனமிக் மைக் வெளிச்சத்தம் எடுக்காது என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. அதன் கூருணர்வு குறைவு என்பதால் வாயை அதற்குக் கிட்டக் கொண்டுபோகிறோம், கிட்டப் போனதால்தான் அறை பின்னால் போகிறது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். பாட்டுக்கு 8 முதல் 12 சென்ரிமீற்றர் போதும். அடிக்குரல் வீங்கினால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மைக்கோடு 3.5 மில்லிமீற்றர் வயரும் சேர்த்துப் பெட்டியாக வரும் மலிவுக் கண்டென்சர் மைக்கை எடுக்க வேண்டாம். அதற்கு 48 வோல்ட் வேண்டும். லப்டொப் துளையில் கிடைப்பது சில வோல்ட் மட்டும் என்பதால் இரைச்சல்தான் பதியும்.

இனி அறை. வெறும் அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். "ட்ரிங்" என்று உலோகம் மாதிரி ஓர் ஒலி தொங்கினால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. முட்டைத் தட்டு ஒட்டினால் இது போகாது. அந்தக் கடதாசிக்குக் கனமும் இல்லை, தடிப்பும் இல்லை, தீப் பிடித்தால் ஆபத்து வேறு. கதவுச் சீலை ஒன்றைத் தொங்கவிட்டால் "ஸ்" ஒலி மட்டும் அடங்கும், நடுக்குரல் அப்படியே அறையில் உருளும். அதனால் கேட்க மங்கலாகவும் இருக்கும், டப்பாவுக்குள் பேசுவது போலவும் இருக்கும். வேண்டியது தடிப்பு.

பழைய தும்பு மெத்தை கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. 2 அடிக்கு 4 அடி ரீப்பை மரச் சட்டம் அடித்து, மெத்தையை 4 அங்குலத் தடிப்பு வருமளவு வெட்டி உள்ளே இறுக்குங்கள். மெத்தை இல்லாவிட்டால் பழைய துவாய், சாரம், சேலைகளை அதே தடிப்புக்கு அடுக்கலாம். மேலே பருத்தித் துணி போர்த்துங்கள், மருதமுனைக் கைத்தறித் துணி நல்ல அழகாகவும் இருக்கும். எந்தத் துணியானாலும் வாயில் வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். காற்றுப் போனால் சத்தமும் போகும். ரெக்சின், பொலித்தீன் உறை கூடாது. இப்படி ஆறு பலகை செய்து, சுவரில் ஒட்டாமல் 4 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் உள்ள அந்தக் காற்று இடைவெளி செலவில்லாத தடிப்பு. பலகை பிடிக்கும் எல்லை ஏறத்தாழ இன்னொரு ஒக்டேவ், அதாவது பாதி ஹேர்ட்ஸுக்கு, கீழே இறங்கும்.

பலகைகளை வைக்கும் இடத்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியொயிட் மைக் பின்பக்கம் செவிடு. அது பார்ப்பது பாடுபவரின் முகத்தையும் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே பாடுபவரின் முதுகுப் பக்கம் மூன்று, இரு தோள் பக்கமும் ஒவ்வொன்று, தலைக்கு மேலே தகரத்தின் கீழ் ஒன்று தொங்கட்டும். அறையின் சரி நடுவிலும் மூலையிலும் நிற்க வேண்டாம். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தால் அதுவும் ஒரு பலகைதான்.

இது எல்லாம் உள்ளே உள்ள எதிரொலியை அடக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனம் வேண்டும், தகரக் கூரையில் அது இந்தக் காசுக்கு நடக்காது. கதவு, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர்ப் பட்டி ஒட்டிவிட்டு நேரத்தைத் தெரிந்தெடுங்கள். வெயிலில் காய்ந்த தகரம் இருட்டிய பிறகு சூடு ஆறும்போது "டிக் டிக்" என்று சுருங்கும், அது அடங்கட்டும். இரவு பத்துக்குப் பிறகு, சுபஹ் பாங்குக்கும் காகத்துக்கும் முன்னம் வரையுள்ள நேரம் உங்களுடையது. மாரியில் தகரத்தில் மழை விழுந்தால் பதிவை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை, அந்த மாதங்களை மிக்ஸிங்குக்கு ஒதுக்குங்கள். மின்விசிறியை நிறுத்திப் பதிந்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு ஆறுங்கள்.

அடுத்தது கரண்ட் இரைச்சல். நல்ல பதிவுகளைக் கெடுப்பதில் இதுதான் முன்னுக்கு நிற்கிறது. இன்டர்ஃபேஸில் மைக் ஒலியைக் கூட்டும் கெயினை முக்கால்வாசி கூட்டி, யாரும் பேசாமல் ஹெட்ஃபோனில் கேளுங்கள். "ம்ம்ம்" என்று ஆழமாகக் கேட்டால் அது 50 ஹேர்ட்ஸ், "ர்ர்ர்" என்று அரித்தால் 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் போனால் குற்றவாளி அதுதான், பதியும்போது பற்றரியில் ஓட்டுங்கள். இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுப்பதால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. சார்ஜரைப் போட்டே பதிய வேண்டியிருந்தால் இன்டர்ஃபேஸின் உலோக உடம்பைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எல்லாப் பிளக்கும் ஏற்கும் மலிவு மல்டி பிளக்குகள் பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது, அதை முதலில் மாற்றுங்கள். பிறகும் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் நிற்கட்டும் என்று எர்த் முனையை ஒருபோதும் வெட்ட வேண்டாம், அது உயிரோடு விளையாட்டு. மின்விசிறியின் இலக்ட்ரோனிக் ரெகுலேட்டர், எல்ஈடி பல்ப் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். சொஃப்ட்வெயாரில் அழித்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். 50ஐ வெட்டலாம், ஆனால் "ர்ர்ர்" குரலின் நடுவரை ஏறி நிற்கும், அதை வெட்டினால் குரலும் மெலியும்.

கூத்துக்கு வருவோம். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளம் அடித்தபடியே பாடுகிறார். பாட்டை ஒரு நாள், மத்தளத்தை இன்னொரு நாள், தாளம் காட்டும் க்ளிக் சத்தத்துக்குப் பதிந்து ஒட்டினால் தாளம் சரியாகத்தான் இருக்கும், ஆட்டத்தின் இழுப்பும் தள்ளலும் செத்துவிடும். ஒன்றாகவே பதியுங்கள். குரல் மைக்கை நாடிக்குக் கீழே, வாயிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக, மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அப்போது மைக்கின் செவிட்டுப் பின்பக்கம் இடுப்பில் தொங்கும் மத்தளத்தைப் பார்க்கும். மத்தள மைக்கை முன்னால் 60 சென்ரிமீற்றரில், மத்தளத்தின் இரண்டு கண்ணுக்கும் (தோல் முகங்களுக்கும்) நடுவை நோக்கி வைத்துத் தொடங்குங்கள். ஒரு பக்கம் ஓங்கிக் கேட்டால் மைக்கை நகர்த்துங்கள், ஈகியூவை (அடி, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) தொட வேண்டாம். சல்லரிக்கு (கைத்தாளத்துக்கு) தனி மைக் தேவையில்லை. அது எல்லா மைக்கையும் ஊடுருவும், ஆளை இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்தினாலே போதும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஆகவே ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் மத்தளத்தைச் சரிபாருங்கள்.

பதிந்த பிறகு ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த நிலையில் மத்தளம் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

பதியும் சொஃப்ட்வெயாருக்கு ரீப்பரை (Reaper) 60 நாள் முழுதாகச் சோதிக்கலாம், பிறகு சலுகை உரிமம் 60 டொலர். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். ஓங்கிய அடி மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாத மாதிரிக் கெயின் வையுங்கள். ஒத்திகையில் அடிப்பதை விட உண்மையில் எல்லோரும் பலமாகவே அடிப்பார்கள். பஃபர் (லப்டொப் ஒலியை ஒரு முறைக்கு எடுக்கும் துண்டின் அளவு) 128, பாடுபவர் தன் குரலைக் கேட்க டிரெக்ட் மொனிட்டர் பொத்தான். இரண்டு ட்ராக் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரும், அன்றைக்கே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள்.

கடற்காற்றும் வாவி ஈரமும் உள்ள ஊரில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடக் கூடாது. உப்பு, முனைகளில் பச்சை பிடிக்க வைக்கும், பிறகு கேபிளை அசைத்தாலே "கறகற" என்னும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அதன் மணிகள் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். பின்னாளில் கண்டென்சர் வாங்கினால் இந்தப் பழக்கம்தான் அதைக் காப்பாற்றும்.

யூடியூப்பும் ஸ்பொட்டிஃபையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை வைத்துச் சத்தம் கூடிய பாட்டைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. ஆகவே உச்சத்தை அமுக்கும் லிமிட்டரால் நசுக்கி மத்தளத்தின் அடியைக் கொல்ல வேண்டாம். உச்சம் மைனஸ் 1 டெசிபெலில் நிற்கட்டும். ஏற்றுவதற்கு முன் மொனோவில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். ஊரில் பெரும்பாலானோர் கேட்கப்போவது அதில்தான். அங்கே குரல் உள்ளே போனால் பழுது மைக் வைத்த இடத்தில்.