நுரையீரல் கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து கிடைக்கிறது?

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய என் தந்தைக்குக் கீமோவுடன், 'கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும்' என்று சொல்லி பெவாசிசுமாப் மருந்தும் ஏற்றுகிறார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு கட்டிகள் சுருங்கியிருக்க, ஒன்று மட்டும் வளர்ந்திருக்கிறது. ரத்தம் ஊறட்டும் என்று நாங்கள் கொடுத்த மாதுளையும் பேரீச்சையும் அதை வளர்த்துவிட்டனவா?

பதில்: இல்லை, மாதுளையை நிறுத்த வேண்டாம். உடலில் ரத்தம் எவ்வளவு ஊறுகிறது என்பதைவிட, கட்டி எந்தக் குழாயிலிருந்து ரத்தம் பெறுகிறது என்பதே இங்கு முக்கியம்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் கட்டி புதிய ரத்தக்குழாய்களை முளைக்கச் செய்தாக வேண்டும் என்ற கருத்தை 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். அந்தக் குழாய்களை முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்குவதுதான் பெவாசிசுமாபின் வேலை.

ஆனால் நுரையீரலில் குழாய்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு காற்றறையின் சுவரிலும் நுண்குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. பரவி வந்த புற்றுச்செல்கள் பல நேரங்களில் அந்தச் சுவர்களை அழிக்காமல், காற்று இருந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு, ஏற்கெனவே ஓடும் ரத்தத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், தேனடையின் சுவர்கள் அப்படியே நிற்க, அறைகளில் மட்டும் தேன் நிரம்பியதுபோலத் தெரியும். இப்படி வளரும் கட்டிக்குப் புதுக் குழாய் தேவைப்படுவதில்லை என்பதால், முளைப்பதைத் தடுக்கும் மருந்து அதனிடம் அவ்வளவாக எடுபடாமல் போகலாம். சுற்றியுள்ள திசுவைத் தள்ளிக்கொண்டு உருண்டையாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் புதுக் குழாய்களை நம்பியிருப்பவை. ஒரே நோயாளியிடம் இரு வகையும் இருக்கக்கூடும்.

உங்கள் தந்தையின் கட்டி வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டியின் செல்கள் கீமோவுக்கு அசையாதவையாக மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வளர்ந்த ஒன்றை மட்டும் அறுவை மூலமோ, குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு மூலமோ அகற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை என்றால், ஆறாத காயம், ரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு அஞ்சிக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்பே பெவாசிசுமாபை நிறுத்துவார்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். இருமலில் ரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.