ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்றவர்களின் வாதம் என்ன? அது எங்கே சறுக்கியது?

பொதுவாக்கெடுப்பு என்றால், ஒரே கேள்வியை மக்கள் முன் வைத்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வாங்குவது. 2014 செப்டம்பர் 18 அன்று, பிரிட்டனின் ஒரு பகுதியான ஸ்காட்லாந்தில் கேட்டது: 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?' 16 வயதானவர்களும் வாக்களித்தார்கள்.

'ஆம்' அணியினர் பழம்பெருமையை விடக் கணக்கைத்தான் அதிகம் பேசினார்கள். 2010 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது ஒன்றே ஒன்று. ஆனாலும் பிரிட்டன் முழுவதற்கும் பிரதமரானவர் அக்கட்சியின் டேவிட் கேமரூன்தான். நாங்கள் தேர்ந்தெடுக்காத அரசு எங்களுக்குச் சட்டம் போடுவதா என்று கேட்டார்கள். வலுவான வாதம். வடகடல் எண்ணெய் வருமானம் எங்களுக்கே வேண்டும், ஸ்காட்லாந்தில் நிறுத்தியிருக்கும் பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகளை அகற்ற வேண்டும் என்பதெல்லாம் இதையொட்டி வந்தவை.

சறுக்கியது எந்த நாணயத்தைப் பயன்படுத்துவது என்பதில். தனிக்குடித்தனம் போகிறவர், பழைய வீட்டோடு வைத்திருந்த கூட்டு வங்கிக் கணக்கு மட்டும் தொடரட்டும் என்றால் எப்படி? பிரிட்டனின் நாணயமான பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார்கள். 2014 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் முடியாது என்றுவிட்டார். வேறு வழி என்ன என்பதற்குத் தெளிவான பதில் வரவில்லை. ஓய்வூதியத்தையும் வீட்டுக்கடனையும் நினைத்துப் பலர் தயங்கியதில் வியப்பில்லை. முடிவு: இல்லை 55.3%, ஆம் 44.7%.

'ஆம்' வென்றிருந்தால் மறுநாளே தனிநாடு என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு நேரம் விட்டு, 2016 மார்ச் 24 என்றுதான் நாள் குறித்திருந்தார்கள். அதன் பிறகும் எலிசபெத்தே அரசியாகத் தொடர்வார் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது.