மூன்று அமினோ அமிலங்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புரதங்களின் அலகுகளான அமினோ அமிலங்கள் மூன்றைக் கோத்த, அழற்சியைத் தணிக்கும் கே.பி.வி. என்ற சிறு பெப்டைடைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தம்பிக்கு ஒன்பது ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோய் இருக்கிறது. மாத்திரைகளும் ஸ்டீராய்டும் அவனைக் களைப்படையச் செய்துவிட்டன. உங்கள் கட்டுரையை அவனுக்கு அனுப்பியது நான்தான். சென்ற வாரம் அவன் இணையத்தில் இந்தப் பெப்டைடின் ஒரு குப்பியை வாங்கியிருக்கிறான். ஊசியாகப் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். குப்பியின் மேல் 98 விழுக்காடு தூய்மை என்றும், ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும் அச்சிட்டிருக்கிறது. சுண்டெலிகளில் பலன் தெரிந்துவிட்ட பிறகு ஏன் காத்திருக்க வேண்டும், நம் உடலிலேயே இருக்கும் ஒரு பொருளின் துண்டு நமக்கு எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் என் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சுண்டெலிகளில் கிடைத்த பலனை விரிவாக எழுதிய நான், அந்தப் பலன் எப்படி அளக்கப்பட்டது என்பதை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறேன். உங்கள் தம்பி போன்ற ஒருவர் அதைப் படிப்பார் என்ற நினைவோடு எழுதியிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். ஆகவே இந்தப் பதில் அவருக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்பது நம் உடலில் உருவாகும், 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு ஹார்மோன். தோலுக்கு நிறம் தருவதோடு காய்ச்சலையும் வீக்கத்தையும் அடக்கும் இயல்பும் அதற்கு உண்டு. அதன் வால் நுனியில் உள்ள லைசின், புரோலின், வாலின் என்ற மூன்றும்தான் கே.பி.வி. இந்த மூன்றை மட்டும் தனியே கொடுத்தால் முயல்களின் காய்ச்சல் தணிகிறது என்று ஜேம்ஸ் லிப்டனின் ஆய்வுக்குழு 1984-இல் எழுதியது. 1989-இல் சுண்டெலியின் காது வீக்கமும் அதனால் குறைகிறது என்று அதே குழு காட்டியது. குடல் அழற்சியில் அது உதவக்கூடும் என்பதற்கான முதன்மையான சான்றுகள் 2008-இல் வெளிவந்தன. இவற்றில் எதையும் நான் ஐயுறவில்லை. கவனமாகச் செய்யப்பட்ட சோதனைகள் அவை.

ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. ஆல்ஃபா எம்.எஸ்.எச். செல்லின் மேற்பரப்பில் உள்ள மெலனோகார்ட்டின் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு செயல்படுவது. அந்த ஏற்பிகளைப் பற்றுவதற்கு ஹார்மோனின் நடுப்பகுதியில் உள்ள ஹிஸ்டிடின், ஃபினைலலனின், ஆர்ஜினின், டிரிப்டோஃபன் ஆகிய நான்கும் வேண்டும், கே.பி.வி.யில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 2008-இல் வந்த ஆய்வு ஒன்றில், இந்த ஏற்பிகளில் முதல் வகை செயலிழந்த சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சியை உண்டாக்கிக் கே.பி.வி. கொடுத்தபோதும் அவை பிழைத்துக்கொண்டன. சாவியில்லாமல் கதவு திறந்தது போன்ற ஒரு முடிவு இது. அதே ஆண்டில் மற்றொரு குழு வேறு வழி ஒன்றைக் காட்டியது: குடல் செல்களின் சவ்வில் பெப்-டி1 என்ற ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது, இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகளை மட்டுமே அது உள்ளே எடுத்துச் செல்லும். கே.பி.வி. இதன் வழியாகச் செல்லுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை அடக்குகிறது. நலமான பெருங்குடலில் பெப்-டி1 மிகக் குறைவு, அழற்சி வந்த பெருங்குடலில் அது கூடுகிறது. புண்பட்ட இடமே மருந்துக்கான வாயிலைத் திறந்துகொள்கிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் முந்தைய கட்டுரையை எழுதினேன்.

உங்கள் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம் உடலில் இருப்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அளவு, இடம், காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன. இங்கு அடக்கப்படும் என்.எஃப். கப்பா பி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். அழற்சியைத் தூண்டுவது அதுதான் என்பதால் அதை எதிரி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குடலின் உட்சுவர்ச் செல்களில் மட்டும் இந்தப் புரதத்தை இயக்கும் நெமோ என்ற மரபணுவை நீக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சி குறையவில்லை, கடுமையான அழற்சி தானாகவே வந்தது. உட்சுவர்ச் செல்கள் உயிரோடு இருக்கவும், பாக்டீரியாக்களைச் சுவரைத் தாண்டவிடாமல் காக்கவும் அந்தப் புரதம் தேவைப்பட்டிருக்கிறது. எந்தச் செல்லில், எவ்வளவு, எத்தனை நாள் அடக்குகிறோம் என்பதில்தான் மருந்தும் நஞ்சும் பிரிகின்றன. மனிதரிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. சொரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோயில் இன்று நன்றாகப் பயன்படும் செக்குகினுமாப் என்ற எதிர்ப்பொருள், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-17-ஐத் தடுப்பது. குரோன் நோய் என்ற மற்றொரு குடல் அழற்சி நோயிலும் அது உதவும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்ட மருத்துவச் சோதனையின் முடிவு 2012-இல் வந்தபோது, பலன் இல்லை என்பதோடு, மருந்து பெற்றவர்களிடம் பாதகமான விளைவுகள் கூடுதலாக இருந்தன என்றும் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருதுகோள் மிகவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி, சுண்டெலியில் பலன் என்பதன் பொருளைச் சொல்ல வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற வேதிப்பொருளைக் கலந்து சுண்டெலிகளுக்குச் சில நாள்கள் கொடுப்போம். குடலின் உட்சுவர் அரிக்கப்படும், எடை குறையும், மலத்தில் குருதி வரும். அதை நிறுத்திவிட்டால் பெரும்பாலான சுண்டெலிகள் தாமாகவே தேறத் தொடங்கும். ஒன்பது ஆண்டுகளாகத் தணிந்தும் எழுந்தும் வரும் உங்கள் தம்பியின் நோய்க்கும் இந்தச் சில நாள் காயத்துக்கும் உள்ள தொலைவு பெரிது.

பலன் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சிறு பெப்டைடைக் கொண்டு நாங்கள் செய்த சோதனையில், குடல் திசுவின் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து அழற்சிக்கு மதிப்பெண் இடும் வேலை என்னுடையது. எந்தச் சில்லு எந்தக் குழுவினுடையது என்பது அதன் ஓரத்திலேயே எழுதியிருந்தது. பெப்டைட் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் இடையே அழகான வேறுபாடு கிடைத்தது. உடன் பணியாற்றிய ஒருவர், எழுத்துகளை மறைத்து, எண்களை மட்டும் ஒட்டி, வரிசையைக் கலைத்து அதே சில்லுகளை என்னிடம் திரும்பக் கொடுத்தார். வேறுபாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. ஐயத்துக்கு இடமான ஒவ்வொரு சில்லிலும் என் கண் விருப்பத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு எந்த ஆய்வுக்கட்டுரையைக் கையில் எடுத்தாலும், மதிப்பெண் இட்டவருக்குக் குழு தெரியுமா என்பதையே முதலில் தேடுகிறேன். செல்களில் செய்யும் சோதனைகளிலும் இதுபோன்ற பள்ளங்கள் உண்டு. அழற்சிப் புரதங்கள் குறைந்ததென்றால் செல்கள் அமைதியடைந்தன என்றும் பொருள்கொள்ளலாம், செல்கள் இறந்துகொண்டிருந்தன என்றும் பொருள்கொள்ளலாம். அதே மூன்று அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடையும் உடன் சோதித்து, அது வேலை செய்யவில்லை என்று காட்டினால்தான் பலன் அந்த வரிசைக்கே உரியது என்று நம்பலாம்.

குப்பியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 98 விழுக்காடு தூய்மை என்பது, பெப்டைட் போன்ற பொருள்களுக்குள் கே.பி.வி. எத்தனை பங்கு என்பதை மட்டுமே பெரும்பாலும் சொல்லும். குப்பிக்குள் எத்தனை மில்லிகிராம் பெப்டைட் இருக்கிறது என்பதை அது சொல்லாது. கே.பி.வி.யின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 342. வேதிமுறையில் தயாரிக்கும்போது அது பெரும்பாலும் டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலத்தின் உப்பாகக் கிடைக்கும். கே.பி.வி.யில் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு, அந்த அமிலத்தின் எடை 114. ஆக உப்பின் எடை 570. அதில் பெப்டைட் சுமார் 60 விழுக்காடுதான். பொடி உறிஞ்சிக்கொண்ட ஈரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் எடைபோட்டுக் கரைத்து, மாதக்கணக்கில் தவறான அளவோடு வேலை செய்த ஆய்வாளர்களை நான் அறிவேன். அவர்களிடம் அளவு பிழைத்தால் சோதனை வீணாகும். தம்பியிடம் பிழைத்தால் வீணாவது வேறு.

இதைவிடக் கொடியது எண்டோடாக்ஸின். சிலவகைப் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலிருந்து உதிரும் இந்த நஞ்சு, தூய்மையைக் காட்டும் வரைபடத்தில் தெரியாது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிவிடும். ஊசி வழியாக உள்ளே போனால் காய்ச்சலையும், மிகுந்தால் குருதி அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும். செல்களில் அழற்சியைத் தூண்ட வேண்டும் என்றால் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதே இந்த நஞ்சைத்தான். ஊசி மருந்துகளுக்கு இதற்கெனத் தனிச் சோதனை கட்டாயம். ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதி விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் கே.பி.வி.யைப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் பிரிவில் வைத்தபோது, அதை மனிதருக்குக் கொடுத்துப் பெற்ற தரவு எதையும் தன்னால் காண முடியவில்லை என்று காரணம் காட்டியது.

அளவைப் பற்றி இன்னும் ஒன்று. 2010-இல் ஒரு குழு, கே.பி.வி.யை நுண்துகள்களில் அடைத்து, பெருங்குடலை அடைந்த பின்பே அவிழும் ஒரு கூழில் பொதிந்து சுண்டெலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தது. வெறும் கரைசலாகக் கொடுப்பதில் 12,000-இல் ஒரு பங்கு செறிவே அதே பலனுக்குப் போதுமானதாக இருந்தது. பெப்டைட் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து அளவு இவ்வளவு மாறுமென்றால், சுண்டெலி குடித்த கரைசலின் அளவை மனிதரின் எடைக்குப் பெருக்கித் தோலுக்கடியில் செலுத்துவது எந்தக் கணக்கில் சேரும்? அவர் மனத்தில் வைத்திருக்கும் அளவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்பது ஆண்டு வலியோடு இருப்பவர் கதவுகளைத் தட்டத்தான் செய்வார். அவருடைய குடல் மருத்துவரிடம் நீங்களும் உடன் சென்று, ஸ்டீராய்டு இவ்வளவு காலம் தொடர்வது சரிதானா, எதிர்ப்பொருள்கள் போன்ற உயிரியல் மருந்துகளோ, செல்லுக்குள் அழற்சிச் சைகையைத் தடுக்கும் ஜே.ஏ.கே. தடுப்பான்களோ அவருக்குப் பொருந்துமா என்று நேரடியாகக் கேளுங்கள். அவை மனிதரில் சோதிக்கப்பட்டவை, தீமைகளும் எழுதி வைக்கப்பட்டவை. ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார் என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குப்பியைத் திறக்காமல் அப்படியே எடுத்துச் சென்று அவரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.