சமோரோ பண்பாட்டுல மிச்சம் என்ன இருக்கு? - வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பசிபிக் கடல்ல இருக்கிற குவாம் தீவு பத்தி நீங்க எழுதினதை படிச்சிட்டு யூட்யூப்ல அந்தத் தீவோட பூர்வகுடிங்களான சமோரோ மக்கள் வீடியோவா தேடித் தேடி பார்த்தேன். கொஞ்சம் ஏமாற்றமாதான் இருந்துச்சு. எல்லாரும் சர்ச்சுக்கு போறாங்க, பேரெல்லாம் ஸ்பானிஷ் பேரு, பேசுறது இங்கிலீஷ். டூரிஸ்ட்டுங்களுக்கு ஆடுற டான்ஸ் கூட 1980க்கு அப்புறம் உருவாக்கினதுன்னு ஒருத்தர் சொல்றார். அப்போ பாரம்பரியம்னு அங்க என்னதான் மிச்சம் இருக்கு? நீங்க சொன்ன சென்சுலே, அதான் விசேஷத்துக்கும் சாவுக்கும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்குற பழக்கம், நம்ம மொய் மாதிரிதானே, அதுல என்ன விசேஷம்? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரு வாசகி

---

அன்புள்ள வாசகிக்கு,

தப்பா எடுத்துக்க இதுல ஒண்ணுமே இல்லைங்க. நீங்க பார்த்ததெல்லாம் நிஜம்தான். 1668ல சான் விதோரெஸ்னு ஒரு ஏசு சபை பாதிரியார் வந்து இறங்கினதுல இருந்து அந்த நூற்றாண்டு முடியுற வரைக்கும் விட்டு விட்டு சண்டை, கூடவே வெளியில இருந்து வந்த நோய்ங்க, ஜனத்தொகை சில ஆயிரமா சுருங்கிப் போச்சு. வாலிபப் பசங்க தங்கி தொழில் கத்துக்கிட்ட ஊரித்தாவ் வீடுகளை ஸ்பானிஷ்காரங்க எரிச்சாங்க, வீட்டுல வச்சு மரியாதை பண்ணின முன்னோர் மண்டை ஓடுகளை உடைச்சாங்க, சிதறி இருந்தவங்களை எல்லாம் சர்ச்சை சுத்தி புது ஊர்ல கொண்டு வந்து வச்சாங்க. சக்மன்னு ஒரு பாய்மரப் படகு, பார்த்த ஐரோப்பியர் எல்லாம் அதோட வேகத்தை வியந்து எழுதியிருக்காங்க, அது கடல்ல இருந்தே காணாமப் போச்சு. 1898ல ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்துச்சு. இந்த இழப்பை சின்னதா காட்ட எனக்கு இஷ்டமில்லை.

ஆனா பேரையும் சர்ச்சையும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அங்க ஒரு வீட்டுல சாவு விழுந்தா என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒன்பது ராத்திரி ரோசரி, அவங்க லிசாயுன்னு சொல்றது. முன்னாடி உக்காந்து ஜெபத்தை நடத்துறது பாதிரியார் இல்ல, தெச்சான்னு சொல்ற ஒரு பெரியம்மா, அதுவும் சமோரோ மொழியில. வர்ற சின்னவங்க ஒவ்வொரு பெரியவர்கிட்டயும் போய் அவங்க வலது கையைப் பிடிச்சு குனிஞ்சு மூக்குகிட்ட கொண்டு போவாங்க, ஆம்பளைன்னா ஞோட், பொம்பளைன்னா ஞோரான்னு சொல்வாங்க. அந்த ரெண்டு சொல்லும் ஸ்பானிஷ்ல இருந்து வந்ததுதான், ஆனா மூக்கை கையில வச்சு பெரியவங்களோட சாரத்தை உள்ள வாங்கிக்கிற அந்தச் செய்கை அங்க பழசுன்னு அவங்களே சொல்றாங்க. ஜெபம் முடிஞ்சா எல்லாருக்கும் சாப்பாடு, அச்சோத்தே விதையில சிவக்க வச்ச சோறு இல்லாம இருக்காது. அந்த விதை மெக்சிகோ பக்கம் இருந்து கப்பல்ல வந்தது, அரிசி மட்டும் வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே அங்க விளைஞ்சது, பசிபிக்ல அவ்வளவு தூரத்துல வேற எந்தத் தீவுலயும் அப்படி இல்ல.

அந்த ஒன்பது நாளும் யார் சமைக்கிறது, யார் மீன் கொண்டு வர்றது, யார் பந்தல் போடுறது, யார் கவர்ல பணம் வைக்கிறது, இதுக்கெல்லாம் பின்னாடி இருக்கிறதுதான் சென்சுலே. சாவுக்கு கொடுக்கிற பணத்துக்கு தனியா ஈக்கான்னு பேரு. யார் என்ன கொடுத்தாங்கன்னு நோட்டுல எழுதி வைக்கிற குடும்பங்களும் உண்டு, அதனால மொய்னு நீங்க சொன்னது பாதி சரி. மீதி என்னன்னா இது பணத்தோட நிக்காது, உழைப்பு, பன்னி, பலாக்காய் மாதிரி இருக்கிற லெம்மாய், ஒரு ராத்திரி கண் முழிச்சது எல்லாமே கணக்குதான், அதை அடைச்சு முடிச்சிடணும்னு யாரும் நினைக்கிறதும் இல்ல. அடைச்சு முடிச்சிட்டா உறவும் முடிஞ்சுதுன்னு ஆயிடும். அப்பாஅம்மா வாங்கினதுக்கு பிள்ளைங்க திருப்பி செய்வாங்க. இது எல்லாத்துக்கும் அடியில இனஃபமாவ்லெக்னு ஒண்ணு இருக்கு, ஒருத்தரோட ஒருத்தர் நல்லபடியா இருக்கிற மாதிரி காரியத்தை சரி பண்ணிக்கிறது.

1521ல ஸ்பெயின் கப்பல்களுக்குத் தலைவனா மெகல்லன் வந்தப்போ தீவுக்காரங்க கப்பல்ல ஏறி கைக்கு கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க, ஒரு சின்னப் படகையும் கொண்டு போயிட்டாங்க. அவன் இறங்கி நாப்பது அம்பது வீட்டை எரிச்சு ஏழு பேரைக் கொன்னுட்டு தீவுக்கே திருடர் தீவுன்னு பேர் வச்சுட்டுப் போனான். நூறு வருஷத்துக்கு மேல வரைபடத்துல அந்தப் பேர்தான். வந்தவன் எங்க கடலுக்குள்ள வந்து தண்ணியும் சாப்பாடும் வாங்கிக்கிட்டான், அப்போ அவன்கிட்ட இருக்கிறதுலயும் எங்களுக்குப் பங்கு உண்டுன்னு எங்க ஆளுங்க நினைச்சிருப்பாங்கன்னு இன்னைக்கு சமோரோக்காரங்க பல பேர் சொல்றாங்க. எனக்கு அதுதான் நியாயமாப் படுது.

இதெல்லாம் எப்படி தப்பிச்சுதுன்னு கேட்டா, பொம்பளைங்களாலதான். பழைய சமோரோ சமூகம் தாய்வழிச் சமூகம், பிள்ளைங்க அம்மா குலத்தைச் சேர்ந்தவங்க. புருஷன் துரோகம் பண்ணினா பொண்டாட்டியோட சொந்தக்காரங்க கூட்டமா போய் அவன் வீட்டையே பிரிச்சுப் போடுவாங்கன்னு ஸ்பானிஷ் பாதிரிங்களே எழுதி வச்சிருக்காங்க. ஊருக்கு மகலாஹின்னு ஒரு தலைவர் இருந்தா மகஹாகான்னு ஒரு தலைவியும் உண்டு. சண்டையில ஆம்பளைங்க செத்து, வெளியூர்ல இருந்து பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, ஸ்பானிஷ் சிப்பாய்ங்க வந்து கல்யாணம் பண்ணினப்போ பிள்ளைக்கு பேரு அப்பா பேரு ஆச்சு, மொழியும் பழக்கமும் அம்மா, பாட்டிகிட்ட இருந்து வந்துச்சு. ஜெபத்தை பாதிரியார் கொண்டு வந்தார், அதை நடத்துறது தெச்சா. நீங்க பார்த்த ஸ்பானிஷ் பேருக்குள்ள இந்தக் கதை இருக்குங்க.

அதே சர்ச்சுக்குப் போறவங்கதான் காட்டுக்குள்ள நுழையுறப்போ தாத்தா, பாட்டி, உங்க இடத்துல வர்றோம், மன்னிச்சுக்கோங்கன்னு அனுமதி கேட்டுட்டு போவாங்க. தாவ்தாவ்மோனா, முன்னாடி வாழ்ந்தவங்க, ஆலமரத்துலயும் லத்தே கல்லு பக்கத்துலயும் இருக்காங்கன்னு நம்பிக்கை. லத்தேன்னா வீட்டைத் தாங்கின கல்தூண், மேல கிண்ணம் மாதிரி ஒரு கல்லு, அதைச் சுத்தியேதான் செத்தவங்களைப் புதைச்சாங்க. 2010ல பகாட்னு ஒரு பழைய ஊர் இடத்துக்கிட்ட அமெரிக்க ராணுவம் துப்பாக்கிப் பயிற்சித் தளம் கொண்டு வரப் பார்த்தப்போ ஜனங்க கோர்ட்டுக்கே போனாங்க, திட்டம் அங்க இருந்து நகர்ந்துச்சு, ஆனா தீவோட வடக்கு முனையில லிதெக்யான் பக்கம் போய் உக்காந்துச்சு. அதை நினைச்சா எனக்கு இன்னமும் கோவம் வருது.

மொழி விஷயத்துல உங்க கவலை எனக்கும் உண்டு. அமெரிக்கக் கடற்படை நிர்வாகம் 1917ல சமோரோ பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டு, அப்புறம் ஸ்கூல்ல பேசின பிள்ளைங்களை அடிச்சு, அகராதிகளைத் திரட்டி எரிச்சும் இருக்காங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பிள்ளைங்க முன்னேறணும்னு பெத்தவங்களே வீட்டுல இங்கிலீஷுக்கு மாறினாங்க. இப்போ ஹுராவ் அகாடமி மாதிரி இடங்கள்ல சின்னப் பசங்களுக்கு சமோரோவிலேயே சொல்லித் தர்றாங்க, இது ஜெயிக்கணும்.

டான்ஸ் பத்தி அவர் சொன்னது சரி. பழைய ஆட்டம் அறுந்து போனதால 1980கள்ல ஃப்ராங்க் ராபன் மாதிரி ஆளுங்க பழைய குறிப்புகளை வச்சு திரும்பக் கட்டினாங்க, புதுசுன்னு அதை மறைக்கவும் இல்ல. தொலைச்சவங்களுக்கு திரும்பக் கட்டிக்க உரிமை இருக்குங்க. வீடியோ பார்க்கணும்னா ஹோட்டல் டான்ஸை விட்டுட்டு குவாம் கிராமத்து ஃபியஸ்டா (ஊர்த் திருவிழா), டிசம்பர் 8 சாந்தா மரியன் கமலென் (மாதா) ஊர்வலம்னு தேடிப் பாருங்க, சாமி சிலையை விட சுத்தி யார் யாருக்கு பரிமாறுறாங்கன்னு கவனிங்க. வேற ஏதாவது கேக்கணும்னா தாராளமா எழுதுங்க.