லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் என்றால் என்ன? யூதக் குடியேறிகளுக்கு அது ஏன் தேவைப்பட்டது?

கிழக்கு ஐரோப்பாவின் ஒரே ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ஊர்ச் சங்கமே அவர்களது பேச்சுமொழியான இத்திய (யிட்டிஷ்) மொழியில் லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் எனப்பட்டது.

1881 முதல் 1924 வரை, ரஷ்யப் பேரரசு உள்ளிட்ட கிழக்கு ஐரோப்பாவின் வறுமைக்கும் யூதர்களுக்கு எதிரான கலவரங்களுக்கும் தப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், காற்றோட்டமற்ற அறைகளில் நாள் முழுதும் துணி தைத்தவர்களுக்கு அரசின் நோய்க்காப்பீடோ வேலையிழப்பு உதவியோ கிடையாது. குடும்பத்தலைவர் படுக்கையில் விழுந்தால் அந்த வாரமே அடுப்பு அணைந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் சிறு சந்தா செலுத்தினர். அதிலிருந்து நோயாளிக்கு உதவித்தொகையும், மருத்துவரும், கடனும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் வாங்கிய இடுகாட்டில் ஊராரின் அருகே ஒரு கல்லறை உறுதியாயிற்று. அந்நிய மண்ணில் யாருமற்றுப் புதைக்கப்படுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை உணர்ந்தால்தான் இதன் அருமை புரியும்.

ஒரே தெருவார் பொது உண்டியலில் மாதந்தோறும் காசு போட்டு, யார் வீட்டில் துன்பம் நேர்கிறதோ அவருக்கு அதைத் திறந்து கொடுப்பதைப் போன்றது இது.

நாஜிகளால் சொந்த ஊர்களே அழிக்கப்பட்ட பின், இச்சங்கங்கள் பல, மாண்டவர்களின் பெயர்களைத் தொகுத்து நினைவு நூல்களை வெளியிட்டன.

இவை செல்வந்தர்களின் தர்மத்தால் நடந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தையல் தொழிலாளர்களும் சிறுவணிகர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த சந்தாவே இவற்றின் அடிப்படை முதல்.